டி-ஷர்ட்டில் ஒட்டுத்துணி வேலை: பனியன் துணி அலை அடிக்காமல் தைப்பது எப்படி

தறியில் நெய்த துணியில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக இறுகிக் கிடக்கும், இழுத்தால் அசையாது. பனியன் துணி ஒரே நூலை வளையம் வளையமாகக் கோத்தது. இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். டி-ஷர்ட்டின் மேல் பாப்ளின் துணியில் ஒரு மீனோ யானையோ வெட்டி வைத்துத் தைக்கும்போது, நீளும் துணியையும் நீளாத துணியையும் ஒரே தையலில் கட்டிப்போடுகிறோம். இந்த வேலையில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. கோயில் தேரில் தொங்கும் தொம்பையிலும் இருப்பது இதே ஒட்டுத்துணி வேலைதான். ஆனால் அங்கே அடித்துணியும் தறித்துணி. தொம்பையை யாரும் தலைவழியாக மாட்டுவதும் இல்லை, வாரம் இரண்டு முறை துவைப்பதும் இல்லை.

சட்டையும் துணியும்

180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) பருத்தி சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதாரண டி-ஷர்ட் துணி, இந்த வேலைக்கு நல்ல எடை. 140 ஜிஎஸ்எம்முக்குக் கீழே போனால் துணி தாங்காது, தையலைச் சுற்றிச் சுருக்கம் விழும். எடை தெரியாத சட்டையானால் ஒற்றைத் துணிக்குப் பின்னால் கையை வைத்துப் பாருங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் அது மெல்லிசு. இன்டர்லாக் துணி இன்னும் சுலபம்; இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஓரம் சுருளாது. உடம்போடு ஒட்டும் ரிப் பனியனில் பெரிய படம் வேண்டாம். போட்டதும் துணி அகலமாக விரியும், படம் மட்டும் பலகைபோல் நிற்கும்.

மேலே ஒட்டும் துணிக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. பிளவுஸ் பிட், லுங்கி, பழைய காட்டன் சேலையின் முந்தி, சுங்குடி வெட்டு என்று வீட்டில் மிச்சம் கிடப்பதே போதும். ஆறேழு வயதுப் பிள்ளையின் சட்டைக்கு 20 செ.மீ. சதுரம் இருந்தால் ஒரு படம் வந்துவிடும். ஜீன்ஸ் துணி வேண்டாம். அதன் எடைக்குச் சட்டையின் முன்பக்கமே தொங்கிப்போகும். பட்டும் வேண்டாம், டி-ஷர்ட் படும் பாட்டை அது தாங்காது.

சட்டை, ஒட்டுத்துணி இரண்டையும் முதலில் துவைத்துக் காயவைத்துவிட வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். பருத்திப் பனியன் முதல் துவைப்பில் 5 சதம்வரை சுருங்குவது சாதாரணம். சில மலிவுச் சட்டைகள் அதற்கு மேலும் சுருங்கும். 15 செ.மீ. படத்துக்குக் கீழே சட்டை 7 மி.மீ. சுருங்கினால், படம் அப்பளம்போல் உப்பி நிற்கும். அதை இஸ்திரி போட்டுச் சரிசெய்ய முடியாது. துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரியான மென்மையூட்டி எதையும் சேர்க்காதீர்கள், பசை சரியாகப் பிடிக்காது.

சாயம் போகுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஈரத் துணியை வெள்ளைக் கைக்குட்டைமேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கைக்குட்டையில் கறை ஏறினால் அந்தத் துணி வெள்ளைச் சட்டைக்கு ஆகாது. சுங்குடியிலும் அடர்சிவப்பு லுங்கியிலும் இது அடிக்கடி நடக்கும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்பி இறங்காதீர்கள். தளர்வாக ஒட்டியிருக்கும் சாயத்தை உப்பு கட்டிப்போடாது. நாலைந்து முறை தனியாக அலசி, தண்ணீர் தெளிவாக வந்த பிறகு எடுங்கள், அல்லது கறுப்புச் சட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பசை வலையும் அடித்தாளும்

இந்த இரண்டு சாமான்களைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒட்டுத்துணிக்கும் சட்டைக்கும் இடையே வருவது பசை வலை. ஒரு பக்கம் காகிதம் ஒட்டியிருக்கும்; ஃபியூசிபிள் வெப் என்று கேட்டு வாங்கலாம். சட்டைக்கு உள்பக்கம், தையலுக்கு அடியில் வருவது அடித்தாள். எம்பிராய்டரிக் கடைகளில் பேக்கிங் பேப்பர் என்பார்கள், நெய்யாத வெள்ளைத் தாள். காலருக்கு வைக்கும் கேன்வாஸ் இரண்டுக்குமே பதில் ஆகாது. அது ஒரு பக்கம் மட்டும் ஒட்டும், விறைப்பும் அதிகம்.

அடித்தாளில் கிழித்தெடுப்பது, வெட்டியெடுப்பது என்று இரண்டு வகை உண்டு. பனியன் துணிக்கு வெட்டியெடுக்கும் வகையே சரி. தைத்த பிறகும் தையலுக்குக் கீழே ஒரு பட்டை நிலைத்து நின்று துணியைப் பிடித்துக்கொள்ளும். கிழிக்கும் தாளைப் பிடுங்கும்போது தையலும் சேர்ந்து இழுபடும். பிடுங்கி முடித்தபின் தாங்கவும் ஒன்றும் இருக்காது. எதுவும் கிடைக்காத ஊரில் டிரேசிங் பேப்பரை வைத்துத் தைக்கலாம். செய்தித்தாள் மட்டும் வேண்டாம், மை ஒட்டும்.

ஊசி பால் பாயிண்ட் ஊசியாக இருக்க வேண்டும்: மெல்லிய சட்டைக்கு 11ஆம் நம்பர், கனமான சட்டைக்கு 14. சாதாரண ஊசியின் கூர்முனை வளைய நூலைக் குத்தி அறுத்துவிடும். தைக்கும்போது ஒன்றும் தெரியாது. சில துவைப்புக்குப் பிறகு தையலோரத்தில் பொடிப்பொடியாக ஓட்டை விழும். பால் பாயிண்டின் உருண்ட முனை நூலை விலக்கிக்கொண்டு இறங்கும். ஊசியின் விலையைப் பார்த்தால் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது.

வரைந்து ஒட்டுவது

உருவத்தைப் பசை வலையின் காகிதப் பக்கத்தில் இடம் வலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல் வரைய வேண்டும். மாங்காயை எப்படி வரைந்தாலும் மாங்காய்தான். எழுத்தில்தான் மாட்டிக்கொள்வோம்: 'அ'வை நேராக வரைந்தால் சட்டையில் இடம் வலம் மாறி வந்து நிற்கும். எழுத்தின் கோடு குறைந்தது 12 மி.மீ. அகலம் இருக்கட்டும். 3 மி.மீ. அகலத் தையல் இரண்டு ஓரத்திலும் ஏறி உட்கார்ந்தபின் துணி தெரிய வேண்டுமல்லவா? 'ழ'வின் வால், யானையின் தும்பிக்கை நுனி போன்ற இடங்களை ஒல்லியாக விடாமல் உருட்டிவிடுங்கள்.

படம் 10 செ.மீ.க்கு மேல் பெரிதானால் வலையின் நடுப்பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, ஓரத்தில் 1 செ.மீ. பட்டையை மட்டும் விடலாம். ஓரம் பிடித்தால் போதும். நடுவில் பசை இல்லாததால் துணி மெத்தென்று இருக்கும், வேர்வையும் குறையும். சென்னை வெயிலில் நெஞ்சு முழுக்கப் பசை ஒட்டிய சட்டையைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உருவத்துக்கு வெளியே அரை செ.மீ. விட்டு வலையை வெட்டி, ஒட்டுத்துணியின் பின்பக்கத்தில் காகிதம் மேலே தெரிய வைத்து இஸ்திரி போடுங்கள். சூடு இரண்டு புள்ளி அளவு, சுமார் 150 டிகிரி, 5 முதல் 8 வினாடி, நீராவி வேண்டாம். பாக்கெட்டில் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சூடு அதிகமானால் பசை உருகித் துணிக்குள் இறங்கிவிடும், சட்டையில் ஒட்டுவதற்கு மிச்சம் இருக்காது. கரி போடும் பெட்டியில் சூட்டை அளக்க முடியாது என்பதால் துண்டுத் துணியில் ஒரு சோதனை கட்டாயம். ஆறிய பிறகு கோட்டின்மேல் சுத்தமாக வெட்டி, காகிதத்தை உரித்துவிடுங்கள். ஓரத்தில் உரிக்க வராவிட்டால் காகிதத்தின் நடுவில் ஊசியால் ஒரு கீறல் போட்டு அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

சட்டையில் இடம் குறிக்க, தோளோடு தோள் சேர்த்து மடித்து நடுக்கோட்டை இஸ்திரியால் பதியுங்கள். பக்கத் தையலை நம்ப வேண்டாம். பல டி-ஷர்ட்டுகளில் துவைத்தபின் அது முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்துவிடும். கழுத்து ரிப்பிலிருந்து (கழுத்தைச் சுற்றி வரும் பட்டை) படத்தின் மேல்முனைவரை பெரியவர்களுக்கு 7 அல்லது 8 செ.மீ., குழந்தைகளுக்கு 4 அல்லது 5 செ.மீ. எப்படியும் ரிப்பிலிருந்து 3 செ.மீ.க்குள் எதுவும் வரக்கூடாது. தலை நுழையும்போது நீள வேண்டிய இடம் அது. கட்டிப்போட்டால் குழந்தை காது சிவக்க அழும்.

சட்டைக்குள் ஒரு துவாலையை நுழைத்து, துணியை இழுக்காமல் தானாகக் கிடக்கும்படி பரப்பி, படத்தை வைத்துப் பெட்டியை மேலிருந்து அழுத்தி அழுத்தி எடுங்கள். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் பனியன் துணி முன்னால் தள்ளிக்கொண்டு போய், நீண்ட நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு திரும்பச் சுருங்கும்போதுதான் படத்தைச் சுற்றி அலை வரும். ஒவ்வொரு இடத்திலும் 10 வினாடி, பிறகு முழுதும் ஆறும்வரை கை வைக்காதீர்கள்.

மெஷின் தையல்

பலருக்கும் ஆசை சாட்டின் தையல்மேல்தான், அதாவது இடைவெளி தெரியாமல் நெருக்கமாகப் போடும் ஜிக்ஜாக். பளபளவென்று கடையில் வாங்கியதுபோல் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 செ.மீ. சுற்றளவுள்ள படத்தை 0.4 மி.மீ. இடைவெளியில் தைத்தால் ஊசி 1,500 முறை இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் வளையங்களுக்கு நடுவே நூல் புகுந்து இடத்தை அடைக்கிறது, ஓரம் நீளுகிறது. அதே ஜிக்ஜாக்கை 2.5 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. இடைவெளி வைத்தால் 500 தையலில் வேலை முடிகிறது, துணியும் அமைதியாகக் கிடக்கிறது. முதல் நாலைந்து சட்டைகளுக்கு இந்த இடைவெளித் தையலே போதும். துணியின் நிறத்திலேயே நூல் போட்டால் தையல் கண்ணுக்கே தெரியாது.

சாட்டின்தான் வேண்டுமென்றால் அகலம் 3 மி.மீ., இடைவெளி 0.4 அல்லது 0.5. அடித்தாள் படத்தைவிட எல்லாப் பக்கமும் 2.5 செ.மீ. பெரிதாக இருக்கட்டும். மேல்நூல் டென்ஷனை ஒரு எண் குறையுங்கள். பாபின் நூல் (அடிநூல்) மேலே எட்டிப்பார்ப்பது நிற்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்கத் திருகு இருந்தால் அதையும் தளர்த்துங்கள். பின்னாலிருந்து துணியை இழுக்காதீர்கள், மெஷின் பல்லே தள்ளிக்கொள்ளும். ஊசி வலப்பக்கம் இறங்கும்போது ஒட்டுத்துணியின் ஓரத்தை ஒட்டிச் சட்டையில் விழ வேண்டும். மற்ற அகலம் முழுதும் ஒட்டுத்துணியின்மேல்.

வளைவில் திருப்புவதற்கு ஒரு கணக்கு உண்டு. மாங்காயின் முதுகுபோல் வெளியே புடைத்த வளைவில் ஊசி சட்டைப் பக்கம் இறங்கியிருக்கும்போது ஃபுட்டைத் தூக்கித் துணியைத் திருப்புங்கள். உள்ளே குழிந்த வளைவில் ஊசி ஒட்டுத்துணிப் பக்கம் இருக்கும்போது திருப்ப வேண்டும். மாற்றிச் செய்தால் தையலுக்கு நடுவே முக்கோணமாக இடைவெளி விழும். ஒரே இடத்தில் நிறையத் திருப்பாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை திருப்பினால் வளைவு வழவழப்பாக வரும். முடிவில் ரிவர்ஸ் தையல் வேண்டாம், முடிச்சுபோல் துருத்தும். 10 செ.மீ. நூல் விட்டு வெட்டி, ஊசியால் பின்பக்கம் இழுத்துக் கையால் முடியுங்கள். கடைசியில் அடித்தாளைத் தையலுக்கு வெளியே 5 மி.மீ. விட்டுக் கத்தரியுங்கள். சின்னக் குழந்தையின் சட்டையானால் உரசாமல் இருக்க உள்ளே ஒரு மெல்லிய பனியன் துண்டை வைத்து மூடித் தையுங்கள்.

ஜிக்ஜாக் இல்லாத கால்மெஷின் என்றால்

நேர்த்தையலை மட்டும் நம்பி ஓடாதீர்கள். சட்டையை இழுத்துப் போடும்போது 'டப்' என்று அறுந்துவிடும். பசை வலையால் ஒட்டிவிட்டு, கையால் ஓரத்தை வளைத்துப் பிடிக்கும் பிளாங்கெட் தையல் போடுவது அதைவிட அழகு. ஆறிழை எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை பிரித்து, 4 மி.மீ. உயரம், 4 மி.மீ. இடைவெளி. நூலை இறுக்காதீர்கள். ஐந்தாறு தையலுக்கு ஒரு முறை துணியை லேசாக இழுத்துவிட்டால் தேவையான தளர்வு நூலுக்குக் கிடைத்துவிடும். இது பொறுமையான வேலை, மாங்காய் ஒன்றுக்கே ஒரு மாலைப்பொழுது போகும்.

பனியனுக்கு மேல் பனியன்

மேலே வைப்பதும் பழைய டி-ஷர்ட்டிலிருந்து வெட்டியதானால் பாதிக் கவலை தீர்ந்தது. இரண்டும் சேர்ந்து நீளும். பனியன் துணிக்கு நூல் பிரியாது என்பதால் ஓரத்தை மூடவும் தேவையில்லை. இரண்டு துணியும் அதிகம் நீளும் திசை ஒன்றாக இருக்கட்டும். பெரும்பாலும் அது அகலவாக்கு. ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே, 1 மி.மீ. அகலம், 2.5 மி.மீ. இடைவெளியில் குறுகிய ஜிக்ஜாக் போதும். துவைத்தபின் ஓரம் லேசாகச் சுருண்டு எழும், அதுவே ஒரு அலங்காரம்.

இதைத் திருப்பியும் செய்யலாம். வேறு நிறப் பனியன் துண்டைச் சட்டையின் உள்பக்கம் வைத்து, வெளியிலிருந்து உருவத்தைச் சுற்றித் தைத்து, மேல்துணியை மட்டும் தையலுக்கு 5 மி.மீ. உள்ளே வெட்டி எடுப்பது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நாட்டலி சானின் என்ற வடிவமைப்பாளர் இந்த முறையைக் கையால் தைத்தே உலகம் அறியச் செய்தார். வெட்டும்போது மேல்துணியை மட்டும் விரலால் கிள்ளித் தூக்கி, மொட்டை நுனிக் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு போட்டுத் தொடங்குங்கள். அடித்துணியும் சேர்ந்து வெட்டுப்பட்டால் அதற்குக் கீழே இன்னொரு துண்டு வைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஓட்டை விழுந்த சட்டையை மறைக்க இந்த வேலை செய்பவர்கள், ஓட்டையைவிடச் சுற்றிலும் 1 செ.மீ. பெரிய பனியன் துண்டை முதலில் உள்பக்கம் ஒட்டிவிட்டு அதன்பிறகு மேலே படத்தை வையுங்கள். ஓட்டைக்கு மேலே நேரடியாகத் தைத்தால் அது படத்துக்கு அடியிலேயே வளர்ந்து, ஒருநாள் ஓரத்தில் எட்டிப்பார்க்கும்.

தைத்து முடித்ததும் அலை அடித்திருந்தால் உடனே பிரிக்க வேண்டாம். உள்பக்கம் திருப்பி, ஈரத்துணி போட்டு நீராவியில் அழுத்துங்கள். பசை ஒட்டும்போதே இழுபடாமல் இருந்திருந்தால் பெரும்பாலும் படிந்துவிடும். படியாவிட்டால் தையல் நெருக்கம் அதிகம் அல்லது அடித்தாள் போதவில்லை என்று பொருள். அந்தச் சட்டையைப் பிரித்தால் ஓட்டைதான் மிஞ்சும், அடுத்த சட்டையில் திருத்திக்கொள்ளுங்கள்.

முதல் துவைப்பு ஒரு நாள் கழித்து. உள்பக்கம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் கசக்கலாம். கல்லில் அடிப்பதும் பிரஷ் போடுவதும் ஓரத்தைக் கிளப்பிவிடும். நிழலில் காயவைத்து, இஸ்திரியும் உள்பக்கமாகவே போடுங்கள்.