டாம்ப், மொய்ஸ்ட், ஹியூமிட்: எந்த ஈரத்துக்கு எந்தச் சொல்?

சாதாரண தரத்துக்குப் படிக்கிற பிள்ளைகள் ஆங்கிலக் கட்டுரையில் ஈரம் என்று வந்தாலே 'வெட்' என்று போட்டுவிடுகிறார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட நனைந்ததற்கு அது சரி. இலேசான ஈரத்துக்கு வேறு சொற்கள் உண்டு, ஆனால் சின்ன அகராதிகளில் எல்லாவற்றுக்கும் 'ஈரமான' என்றுதான் இருக்கும், அதனால் பொருளை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு எது ஈரமாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

காற்று, காலநிலை என்றால் ஹியூமிட். ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்னால் கிளிநொச்சியில் ஓர் இலைகூட அசையாமல் புழுங்குமே, அந்த நாளுக்கு உரிய சொல். துவாயை ஹியூமிட் என்று எழுதினால் பிழை.

சிக்கல் டாம்புக்கும் மொய்ஸ்டுக்கும் இடையில்தான். அந்த ஈரம் வேண்டியதா, வேண்டாததா என்று கேளுங்கள். கேக் மொய்ஸ்டாக இருந்தால் பாராட்டு. மார்கழி மழையில் கொடியில் கிடந்தும் காயாத சீருடை டாம்ப், ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடித்த சுவரும் டாம்ப். கத்தரிக் கன்றின் அடிமண் மொய்ஸ்டாக இருக்கவேண்டும், ஆனால் அதே மண்ணில் பாய் விரித்துப் படுக்கப் போனால் அது டாம்ப்! இதற்கும் விலக்கு உண்டு: மேசை துடைக்கப் பிழிந்தெடுத்த துணி நமக்கு வேண்டிய ஈரம்தான், என்றாலும் அதை டாம்ப் துணி என்றே பெரும்பாலும் சொல்வார்கள்.

இன்னொன்று, வயல்காரப் பிள்ளைகள் கட்டாயம் கவனிக்கவேண்டியது. மொய்ஸ்ட் நல்ல ஈரம் என்பதால் மொய்ஸ்சரும் அப்படித்தான் என்று எண்ணவேண்டாம், அது வெறும் அளவு. நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று சொல்கிற ஈரப்பதன் மொய்ஸ்சர்தான். காலபோக வெட்டு முடிந்து மழையில் அகப்பட்ட நெல்லைப் பற்றி எழுதும்போது மட்டும் டாம்ப் என்று போடுங்கள்.

கிளாமி உடம்புக்கு. பரீட்சைப் பயத்தில் உள்ளங்கை குளிர்ந்து பிசுபிசுக்கும், அதுதான், வெயிலில் மண்வெட்டி பிடித்து வழிகிற வியர்வை அல்ல. டாங்க் (dank) என்பது வெயில் புகாத, குளிர்ந்த, மணம் பிடித்த இடம். மாரி முழுக்கப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் தெரியும்.

சொல்லைத் தனியே எழுதிப் படிக்காமல் சோடியாக எழுதுங்கள்: டாம்ப் வோல், மொய்ஸ்ட் சொயில், ஹியூமிட் வெதர், கிளாமி ஹாண்ட்ஸ், டாங்க் ரூம்.