மண் தட்டிலிருந்து தொடங்குங்கள்: புதிதாகப் பூனை வளர்ப்பவர்களுக்கான நல விளக்கம்

நோய் வந்தால் நாய் முனகும்; பூனையோ கட்டிலுக்கு அடியில் போய்ச் சத்தமில்லாமல் படுத்துக்கொள்ளும். அது படுத்துவிட்டது நம் கண்ணில் படும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆகவே பூனை வளர்ப்பவர் முதலில் பழக வேண்டியது மருந்து கொடுப்பதை அல்ல, அன்றாடம் கவனிப்பதை.

முதல் படி: நலமாக இருக்கும்போதே குறித்து வையுங்கள்

ஒரு சிறு நோட்டை இதற்கென ஒதுக்குங்கள். நீங்கள் தனியாக ஒருமுறையும் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் எடைக்கருவியில் ஏறி நின்றால் அதன் எடை தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். நான்கு கிலோ பூனை காரணமில்லாமல் நானூறு கிராம் இழந்தால் அது உடலில் பத்தில் ஒரு பங்கு என்பதை மறக்க வேண்டாம். தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்றும் எண்ணுங்கள். முப்பதைத் தாண்டுவது தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பூனையின் இயல்பான உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இருக்கும் என்பதால், தொட்டுப் பார்த்துச் சுடுகிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

இரண்டாம் படி: பூனை மலமும் சிறுநீரும் கழிக்கும் மண் தட்டை நாள்தோறும் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் எக்காரணத்தாலும் விட்டுவிடாதீர்கள். மதுரை செல்லூரில் எங்கள் வீட்டுக் கடுவன் (ஆண் பூனை) ஒரு சித்திரை மாதத்தில் மண் தட்டில் ஏறுவதும், முக்குவதும், ஒன்றும் போகாமல் இறங்குவதுமாக இருந்தது. மலச்சிக்கல் என்று எண்ணி நான் விளக்கெண்ணெய் கொடுத்து ஒரு பகல் முழுவதையும் வீணாக்கினேன். உண்மையில் அதற்குச் சிறுநீர் அடைத்திருந்தது. அன்று கள்ளழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இரவு. தல்லாகுளம் பக்கம் வண்டி எதுவும் நகர முடியாத கூட்டத்தில், கூடையை நெஞ்சோடு அணைத்து நடந்தே மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தேன். மெல்லிய குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிய பிறகுதான் அது பிழைத்தது. அந்தப் பகலை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

கடுவனின் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகலானது. அதில் படிகத் துகள்களும் சளி போன்ற பொருளும் சேர்ந்து அடைத்துவிடும். அடைப்பு முழுமையானால் கழிவுகள் உடலிலேயே தங்கி, ரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்து, இதயத் துடிப்பு தடுமாறி, ஓரிரு நாளில் உயிர் போகக்கூடும். எனவே கடுவன் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்தும் மண் நனையவில்லை என்றால், வேதனையில் கத்தினால், அல்லது குறியை ஓயாமல் நக்கினால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அந்த நேரமே கிளம்புங்கள்.

மூன்றாம் படி: தண்ணீரும் உணவும்

மதுரைக் கோடையில் வெயில் நூறு டிகிரியைத் தாண்டும் நாள்களில் பூனை குடிக்கும் தண்ணீர் பெரும்பாலும் போதாது. மண் சட்டிகளில் தண்ணீரை இரண்டு மூன்று இடங்களில், சோற்றுத் தட்டிலிருந்து தள்ளி, நிழலில் வையுங்கள். வேகவைத்த கோழி அல்லது மீனோடு அது வெந்த நீரையும் ஆறவைத்து ஊற்றிக் கொடுப்பது நல்லது.

தயிர்ச்சோறும் பாலும் மட்டும் கொடுத்துப் பூனை வளர்க்க இயலாது. டாரின் என்னும் சத்தைப் பூனையின் உடலால் தேவையான அளவுக்கு உண்டாக்க முடியாது. இறைச்சி, மீன் வழியாகவே அது கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பார்வையும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஆகும். நெல்பேட்டையில் வாங்கிய மத்தியைப் பச்சையாகப் போடாமல் வேகவைத்துக் கொடுங்கள். பச்சை மத்தியில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பதால், நம் மீன்குழம்பு பூனைக்கு ஆகாது.

நான்காம் படி: தடுப்பூசியும் குடற்புழு மருந்தும்

குட்டிக்கு எட்டு வாரம் ஆனதும் பூனைகளுக்கான கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் தொடர வேண்டும். குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும் பேன்லூக்கோபீனியா என்னும் வைரஸ் நோயை அது தடுக்கும். அந்த வைரஸ் வீட்டுத் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூடத் தங்கியிருக்கும் என்பதால், குட்டி இறந்த வீட்டில் தடுப்பூசி போடாத வேறொரு குட்டியைக் கொண்டுவர வேண்டாம்.

பன்னிரண்டு வாரத்தில் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு அந்த ஊசியைச் செலுத்தியதன் நினைவாக, ஆண்டுதோறும் அந்த நாளில் அரசு கால்நடை மருத்துவமனைகளில் முகாம் நடத்துவது வழக்கம், விசாரித்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பூனை கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மலத்திலோ வாலடியிலோ அரிசி போன்ற துணுக்குகள் தெரிந்தால் அது நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்குவதால்தான் அது பெரும்பாலும் வருகிறது. தெள்ளை ஒழிக்காமல் புழு மருந்து மட்டும் கொடுத்தால் மீண்டும் வரும்.

ஐந்தாம் படி: வீட்டில் இருக்கும் நஞ்சுகள்

காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரே மாத்திரை கொல்லப் போதும். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தும் அப்படியே. பினாயில் ஊற்றித் துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் பூனைக்கு அந்த நஞ்சு வயிற்றுக்குள் போகும். ஆகவே நன்றாக அலசிக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். பாச்சை உருண்டையை எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஆறாம் படி: எப்போது காத்திருக்கக் கூடாது

வாயைத் திறந்து மூச்சிரைத்தல், வலிப்பு, ஒருநாள் முழுவதும் எதையும் உண்ணாமை ஆகியவை கண்டால் உடனே கிளம்புங்கள். பட்டினி தொடர்ந்தால், குறிப்பாகப் பருத்த பூனைகளுக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகும். மூடியோடு கூடிய கூடையில் பழைய துண்டை விரித்து, அதைச் சாதாரண நாள்களிலும் வீட்டில் திறந்தே வைத்திருந்தால், பூனை அதில் ஏறிப் படுத்துப் பழகியிருக்கும். அவசரத்தில் துரத்திப் பிடிக்க நேராது. புறப்படும்போது அந்த நோட்டையும், மலத்தில் மாற்றம் கண்டிருந்தால் மூடிய டப்பாவில் சிறிதளவையும் எடுத்துச் செல்லுங்கள்.