தூரத்துக் கணினியை இங்கிருந்து இயக்குவது எப்படி

ரிமோட் மென்பொருளில் இணைவது இரண்டு நிமிட வேலை. ஒன்பது பத்து இலக்க எண்ணைக் கேட்டு வாங்கித் தட்ட வேண்டும், அந்தப் பக்கம் இருப்பவர் அனுமதி கொடுக்க வேண்டும், திரை வந்துவிடும். தலைவலி அதற்குப் பிறகுதான். எதையாவது நிறுவப் போனால் திரை கறுத்துப்போகும். ரீஸ்டார்ட் கொடுத்தால் கணினி திரும்பி வராது. மறுநாள் இணையப் பார்த்தால் அது தூங்கிக்கொண்டிருக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றை உங்கள் பக்கத்திலிருந்து சரிசெய்யவே முடியாது. ஆகவே இங்கே சொல்லப்போவதில் முக்கால்வாசி, இயக்கப்படும் கணினியில் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டிய வேலைகள்.

அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா?

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இது. ஆள் இருந்தால் எதையும் நிரந்தரமாக நிறுவாமலேயே வேலையை முடித்துவிடலாம்.

இரண்டு பக்கமும் விண்டோஸ் என்றால் அதிலேயே இருக்கும் குவிக் அசிஸ்ட் போதும். கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். உதவி செய்பவர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். உதவி பெறுபவருக்குக் கணக்கு தேவையில்லை. உங்களுக்குக் கிடைக்கும் குறியீடு 10 நிமிடம்தான் செல்லும், அதனால் அவர் அந்தச் சன்னலைத் திறந்து தயாராக இருக்கும்போது எடுங்கள். முதலில் திரை தெரியும், மவுஸ் நகராது. பழுது ஒன்றுமில்லை, இயக்கும் உரிமையைத் தனியாகக் கேட்க வேண்டும், அவர் தனியாகச் சம்மதிக்க வேண்டும்.

வேறு வேறு இயங்குதளம் என்றால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் நல்ல வழி. அதில் 12 இலக்கக் குறியீடு, ஆயுள் 5 நிமிடம். உதவி நேரத்தில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை 'தொடரலாமா' என்று அந்தப் பக்கம் கேட்கும். அவர் தேநீர் குடிக்கப் போயிருந்தால் இணைப்பு அறுந்துவிடும். நீண்ட வேலை என்றால் முன்பே சொல்லிவையுங்கள்.

எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம். அலுவலக வேலைக்கு இலவசப் பதிப்பை ஓட்டினால், வணிகப் பயன்பாடு என்று கண்டுபிடித்து இணைப்பைத் துண்டிக்கத் தொடங்கும், அதுவும் அவசர நேரத்தில். அந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு ரஸ்ட்டெஸ்க் இருக்கிறது: திறந்த மூலம், விரும்பினால் சொந்த சர்வரிலேயே ஓட்டலாம். அப்படி ஓட்டும்போது 21115 முதல் 21119 வரை டிசிபி போர்ட்டுகளை, அதாவது இணைப்பு உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்களைத் திறப்பவர்கள், 21116-ஐ யுடிபி என்ற மற்றொரு வகையிலும் திறக்க மறந்துவிடுகிறார்கள். பிறகு சர்வர் ஓடும், கணினிகள் மட்டும் ஆஃப்லைன் என்றே காட்டும்.

எதை எடுத்தாலும், தேடுபொறியில் பெயரைப் போட்டு முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்கச் சொல்லாதீர்கள். போலிப் பதிப்புகள் அங்கேதான் காத்திருக்கும். இணைய முகவரியை எழுத்து எழுத்தாகச் சொல்லி, முகவரிப் பட்டையில் தட்டச் சொல்லுங்கள். எண்ணை மும்மூன்றாகப் பிரித்துப் படிக்கச் சொல்லி, நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். இணைந்த பிறகு அவரை மவுஸிலிருந்து கையை எடுக்கச் சொல்லிவிடுங்கள். இருவரும் பிடித்தால் சுட்டி நடுவில் துடித்துக்கொண்டு நிற்கும். பலர் இதை இணையக் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

திரை ஏன் கறுத்துப்போகிறது

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். காரணம் ஒன்றல்ல.

மென்பொருளை நிறுவும்போதோ சிஸ்டம் அமைப்பை மாற்றும்போதோ, 'இந்தச் செயலி மாற்றங்கள் செய்ய அனுமதிக்கலாமா' என்று விண்டோஸ் கேட்கிறதல்லவா? அந்தக் கேள்வி உங்கள் சாதாரண டெஸ்க்டாப்பில் வருவதில்லை. பாதுகாக்கப்பட்ட தனி டெஸ்க்டாப்பில் வருகிறது. சாதாரண உரிமையில் ஓடும் எந்தச் செயலியும் அதைப் பார்க்கவோ அதில் சொடுக்கவோ கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். உங்கள் ரிமோட் மென்பொருளும் சாதாரண உரிமையில் ஓடினால் அதுவும் வெளியே நிற்க வேண்டியதுதான். உங்களுக்குத் தெரிவது கறுப்பு அல்லது உறைந்த திரை. அந்தப் பக்கம் இருப்பவருக்கோ கேள்வி பளிச்சென்று தெரியும். 'ஆமாம் என்று அழுத்துங்கள்' என்று சொன்னால் உடனே தீரும். ஆனால் பத்துமுறை சொல்ல வேண்டியிருந்தால், தொடக்கத்திலேயே அவரை அட்மினிஸ்ட்ரேட்டராக அந்த மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். எனிடெஸ்க்கில் இணைந்த பிறகும் மெனுவிலிருந்து உரிமை உயர்வு கேட்கலாம். முழுதாக நிறுவிவிட்டால் அது சர்வீஸாக, அதாவது பின்னணியில் உயர்ந்த உரிமையோடு ஓடும், சிக்கலே இல்லை. இந்தத் தொல்லைக்காக அனுமதிக் கேள்வியையே அணைத்துவிடச் சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. அதைச் செய்யாதீர்கள், வீட்டுக் கதவைக் கழற்றி வைப்பது போன்றது அது.

மேக்கில் கதை வேறு. அங்கே 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் இரண்டு அனுமதிகள் தனித்தனியாகத் தர வேண்டும். திரைப்பதிவு அனுமதி இல்லையென்றால் வால்பேப்பர் மட்டும் தெரியும், சன்னல்கள் தெரியா. 'ஆக்ஸசிபிலிட்டி' அனுமதி இல்லையென்றால் எல்லாம் தெரியும், எதையும் தொட முடியாது. எது தெரிகிறது என்பதை வைத்தே எது விடுபட்டது என்று சொல்லிவிடலாம். அனுமதி கொடுத்த கையோடு அந்தச் செயலியை மூடித் திறக்க வேண்டும்.

லினக்ஸில் கறுப்புத் திரை என்றால் முதல் சந்தேகம் வேலாண்ட், அதாவது திரையில் சன்னல்களைக் காட்டும் புதிய அமைப்பு. ஒரு செயலி மற்றொன்றின் சன்னலை எட்டிப்பார்ப்பதை அது தடுக்கிறது. நுழைவுத் திரையில் பற்சக்கரக் குறியைத் தட்டி, பழைய அமைப்பான எக்ஸ்-ஆர்க் அமர்வு என்று இருந்தால் அதைத் தேர்ந்து நுழைந்து பாருங்கள்.

மானிட்டரே இல்லாத கணினியிலும் கறுப்புத் திரையோ மிகச்சிறிய தெளிவோ வரும், ஏனென்றால் திரை இல்லாதபோது கிராபிக்ஸ் கார்டு படம் வரைவதில்லை. எச்டிஎம்ஐ துளையில் செருகும் போலி மானிட்டர் பிளக் ஒன்று வாங்கிச் செருகினால் போதும். மற்றபடி எல்லாம் தெரிந்து, திரைப்படம் ஓடும் சதுரம் மட்டும் கறுப்பாக இருந்தால் அது பதிப்புரிமைப் பூட்டு. அதை விட்டுவிடுங்கள்.

ஆளில்லாத கணினி

இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரு சின்ன விடுபடல், நீங்கள் நேரில் போய்ப் பொத்தானை அழுத்தும்படி வைத்துவிடும்.

மென்பொருளை முழுதாக நிறுவுங்கள். நிறுவாமல் ஓட்டும் பதிப்பு, யாராவது பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே நுழைந்த பிறகே தொடங்கும். சர்வீஸாக நிறுவியது நுழைவுத் திரையிலேயே காத்திருக்கும். ஆளில்லா அணுகலுக்கு நீளமான தனிப் பாஸ்வேர்டு வையுங்கள். மென்பொருளில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருந்தால் கட்டாயம் போட்டுவிடுங்கள்.

பவர் அமைப்பில், மின்சாரத்தில் இருக்கும்போது தூங்கும் நேரத்தை 'எப்போதும் இல்லை' என்று மாற்றுங்கள். திரை அணையலாம், கணினி தூங்கக் கூடாது. மடிக்கணினி என்றால் மூடியை மூடினால் 'ஒன்றும் செய்யாதே' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயாஸில் (இயங்குதளத்துக்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை), மின்தடைக்குப் பிறகு தானே எழும் அமைப்பைத் தேடிப் போடுங்கள். இது இல்லாவிட்டால் ஒரு நொடி மின்வெட்டு போதும், எல்லா ஏற்பாடும் வீண். வட்டைப் பூட்டியிருந்தால் கவனம்: பிட்லாக்கருக்குத் தொடக்கப் பின் எண் வைத்திருந்தாலோ மேக்கில் ஃபைல்வால்ட் இருந்தாலோ, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு யாராவது திறக்கும்வரை உங்கள் மென்பொருள் தொடங்கவே தொடங்காது. முடிந்தால் வைஃபையை விட்டுக் கேபிளுக்கு மாறுங்கள்.

தூங்கும் கணினியை எழுப்ப வேக்-ஆன்-லேன் இருக்கிறது. அது 102 பைட் கொண்ட ஒரு சிறு செய்தி: ஆறு பைட் முழுக்க எஃப்எஃப், பின்னால் அந்த நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி (ஒவ்வொரு கார்டுக்கும் உரிய அடையாள எண், ஆப்பிள் மேக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை) 16 முறை. இது உள்ளூர் நெட்வொர்க்குக்குள் கூவும் குரல். வெளியிலிருந்து நேராக அனுப்பினால் ரௌட்டர் தாண்டி வராது, எனவே அதே வீட்டில் எப்போதும் விழித்திருக்கும் இன்னொரு கருவி அதை அனுப்ப வேண்டும். முழுதாக அணைத்த விண்டோஸ் எழ மறுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துப் பாருங்கள்.

கிளம்பும் முன் ஒரு சோதனை. மடிக்கணினியை வைஃபையிலிருந்து கழற்றி, கைபேசியின் மொபைல் டேட்டாவில் இணையுங்கள். ஒரே வைஃபையில் இருந்துகொண்டு சோதிப்பது சோதனையே அல்ல. வெளியிலிருந்து இணைந்து, அங்கிருந்தே ரீஸ்டார்ட் கொடுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து, அந்தக் கணினியைத் தொடாமல், நுழைவுத் திரைக்கு வந்து பாஸ்வேர்டு அடித்து உள்ளே போக முடிகிறதா பாருங்கள். முடிந்தால் கிளம்பலாம்.

விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப்

வேகத்தில் இதற்கு இணை குறைவு. ஆனால் ஹோம் பதிப்பை இதனால் இயக்க முடியாது, புரோ வேண்டும். ஹோமிலிருந்து மற்றதை இயக்கத் தடையில்லை. செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கினால் போதும்.

பலர் முட்டிக்கொள்ளும் இடம் பாஸ்வேர்டு. தினமும் தட்டும் பின் எண் இங்கே செல்லாது, கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். தொடக்கத்திலிருந்தே பின் எண்ணால் மட்டும் நுழைந்து வந்திருந்தால், சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் தவறு என்று சொல்லலாம். அந்தக் கணினியில் நேரடியாக ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்து நுழைந்துவிட்டால் சரியாகிவிடும். இன்னொன்று, இதில் நீங்கள் நுழைந்ததும் அந்தப் பக்கத் திரை பூட்டிக்கொள்ளும். அதனால் ஒருவருக்குக் காட்டிச் சொல்லிக்கொடுக்க இது உதவாது.

இதன் போர்ட் 3389. ரௌட்டரில் அதை இணையத்துக்குத் திறந்துவைப்பது மட்டும் வேண்டாம். 2019 மே மாதம் வெளியான புளூகீப் என்ற ஓட்டை, விண்டோஸ் 7 போன்ற பழைய பதிப்புகளில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைய வழி கொடுத்தது. ஓட்டை இல்லாவிட்டாலும் பாஸ்வேர்டை ஊகிக்கும் நிரல்கள் ஓயாமல் தட்டிக்கொண்டேயிருக்கும். போர்ட் எண்ணை மாற்றுவது சத்தத்தைக் குறைக்கும், ஆபத்தைக் குறைக்காது. டெயில்ஸ்கேல் போன்ற ஒரு விபிஎன்னுக்குள் (இணையத்தின் மேல் அமைக்கும் மறையாக்கப்பட்ட தனி நெட்வொர்க்) இரண்டு கணினிகளையும் சேர்த்து, அதன் வழியே இணையுங்கள். பல இணைப்புகளில் போர்ட் திறக்கவும் வழியில்லை: ரௌட்டரின் வெளிமுகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், சேவையாளர் உங்களைப் பலரோடு ஒரே முகவரியின் பின்னால் வைத்திருக்கிறார் என்று பொருள்.

விஎன்சி என்ற பழைய ரிமோட் முறைக்கும் இதே எச்சரிக்கை, கொஞ்சம் கூடுதலாக. அதன் பழைய பாஸ்வேர்டு முறை முதல் 8 எழுத்துக்களை மட்டுமே பார்க்கும். இருபது எழுத்து வைத்து நிம்மதியாகத் தூங்குபவர்கள் கவனிக்க.

மெதுவாக இருக்கிறதா?

இரண்டு வகை மெதுவைப் பிரித்துப் பாருங்கள். படம் கட்டம் கட்டமாகக் கலங்கி, பிறகு தெளிந்தால் அலைவரிசை போதவில்லை. இங்கே முக்கியம் உங்கள் பதிவிறக்க வேகமல்ல, அந்தப் பக்கத்தின் பதிவேற்ற வேகம். தரத்தைக் குறையுங்கள், வால்பேப்பரை எடுங்கள், அந்தப் பக்கம் 4கே திரை என்றால் தெளிவைப் பாதியாக்குங்கள். படம் தெளிவாக இருந்தும் சொடுக்கியது தாமதமாக நடந்தால் அது தூரத்தின் தாமதம். தரத்தை எவ்வளவு குறைத்தாலும் பலனில்லை. இணைப்பு நேரடியாகப் போகிறதா, இடை சர்வர் வழியாகச் சுற்றிப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். பல மென்பொருட்கள் அதைச் சிறு குறியால் காட்டும்.

தட்டச்சு

தமிழில் தட்டும்போது விசைப்பலகை இரண்டு பக்கமும் தமிழில் இருந்தால் எழுத்துகள் குழம்பிப்போகும். உங்கள் பக்கத்தை ஆங்கிலத்தில் வைத்து, அந்தப் பக்கத்தில் மட்டும் தமிழ்99 அல்லது உங்களுக்குப் பழகிய முறையைப் போடுங்கள். அங்கே தமிழ் முறையே இல்லையென்றால் இங்கே தட்டி, நகலெடுத்து ஒட்டுவதே சுருக்க வழி. ரஸ்ட்டெஸ்க்கில் விசைப்பலகை முறைகள் மூன்று உண்டு, ஒன்று குழப்பினால் அடுத்ததைப் போட்டுப் பாருங்கள்.

கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் உங்கள் கணினியிலேயே நின்றுவிடும். மென்பொருளின் மெனுவிலிருந்துதான் அதை அனுப்ப வேண்டும். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் டெலிட்டுக்குப் பதில் எண்ட். நகல்பலகை இரண்டு பக்கமும் பொது என்பதை மறக்காதீர்கள். நீங்கள் இங்கே நகலெடுத்த வங்கிப் பாஸ்வேர்டு அங்கேயும் போய் உட்கார்ந்திருக்கும். தெரியாத கணினியில் வேலை செய்யும்போது நகல்பலகைப் பகிர்வை அணைத்துவையுங்கள்.

முடித்த பிறகு

உதவி பெற்றவர் அந்த மென்பொருளை முழுதாக மூடினாரா, ஆளில்லா அணுகல் எதுவும் தெரியாமல் போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தானாக அழைத்து, பணம் திருப்பித் தருகிறோம், கணினியில் வைரஸ் என்றெல்லாம் சொல்லி இதே மென்பொருட்களை நிறுவச் சொல்பவர்கள் மோசடிக்காரர்கள்; மென்பொருள் உண்மையானது என்பதால் ஆன்டிவைரஸ் அவர்களைக் காட்டிக்கொடுக்காமல் போகலாம். அப்படி யாராவது உள்ளே வந்துவிட்டால் மவுஸோடு மல்லுக்கட்ட வேண்டாம். இணையக் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபை என்றால் ரௌட்டரை அணையுங்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கியை அழைத்து, மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு ரிமோட் மென்பொருளை நீக்குங்கள். நீக்கும் முன் அதன் பதிவுக் கோப்பை நகலெடுத்து வையுங்கள்: எனிடெஸ்க்கும் டீம்வியூவரும் உள்ளே வந்த இணைப்புகளின் எண்ணையும் நேரத்தையும் ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதிவைக்கின்றன, புகார் கொடுக்கும்போது அது கேட்கப்படும்.