கேப்ஷன் வீடியோ கொண்டு ஆங்கிலம் கேட்கப் பழக்குவது எப்படி?

பாடப்புத்தகத்தில் ஒரு ஆங்கில வரியைப் படித்தால் புரிந்துகொள்ளும் மாணவர், அதே வரியை ஒருவர் பேசினால் திகைத்துப் போகிறார். தெரிந்த சொற்கள்தான், ஆனால் பேச்சில் அவை ஒட்டிக்கொண்டு வருவதால் ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று காதுக்குப் பிடிபடுவதில்லை. அந்த இடத்தைக் கேப்ஷன் கண்ணுக்குக் காட்டும். தொடக்கத்திலிருந்தே ஓடவிட்டாலோ மாணவர் கேட்பதை விட்டுவிட்டு வாசிக்கத் தொடங்கிவிடுவார். அதனால் இந்த முறையில் கேப்ஷன் மூன்றாவது சுற்றில்தான் திரைக்கு வரும்.

கேப்ஷன் என்று இங்கே சொல்வது ஆங்கிலப் பேச்சுக்கு ஆங்கில எழுத்து. தமிழ் சப்டைட்டில் வேண்டாம். கதை புரிந்துவிடும், காது வேலை செய்யாது.

1. வீடியோவைத் தேர்ந்தெடுங்கள்

60 முதல் 90 விநாடி போதும். ஒருவர் மட்டும் பேச வேண்டும், வாயசைவு தெரிய வேண்டும், பின்னணி இசை இருக்கக் கூடாது. பத்துச் சொல்லில் ஒன்பதேனும் மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கட்டும். புதுச் சொற்கள் மிகுந்தால் வகுப்பு அகராதிப் பாடமாகிவிடும். ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’வின் ‘லேர்னிங் இங்கிலீஷ்’ வீடியோக்கள் மெதுவான பேச்சில் இருப்பதால் தொடக்கத்துக்கு ஏற்றவை.

2. கேப்ஷனை முன்னதாகச் சரிபாருங்கள்

யூடியூப் செட்டிங்ஸில் மொழிக்குப் பக்கத்தில் ‘ஆட்டோ ஜெனரேட்டட்’ என்று இருந்தால் அது இயந்திரம் எழுதியது. பெயர்களிலும் ஒலி ஒத்த சொற்களிலும் தவறும். மனிதர் எழுதியதிலும் இடம் போதாமல் சொற்களைச் சுருக்கியிருப்பார்கள். வீடியோ விளக்கத்தின் கீழுள்ள ‘டிரான்ஸ்கிரிப்ட்’டை நகலெடுத்து, ஒருமுறை கேட்டுத் திருத்தி, தாளில் வைத்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டால், சரியாகக் கேட்ட மாணவர் திரையில் வேறொன்றைப் பார்த்துத் தன் காதைச் சந்தேகிப்பார். அதைவிடப் பெரிய கெடுதல் இந்தப் பயிற்சியில் இல்லை.

செல்போன் ஒலி கடைசி பெஞ்சுக்கு எட்டாது. தனி ஸ்பீக்கர் வையுங்கள். படத்தோடு பதிந்துவிட்ட கேப்ஷனை அணைக்க முடியாது என்பதால், திரையின் அடிப்பகுதியை அட்டையால் மறைத்துவிடுங்கள்.

3. கேப்ஷன் இல்லாமல் இரண்டு சுற்று

முதல் சுற்றுக்கு முன்பே இரண்டு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுங்கள்: யார் பேசுகிறார், எதைப் பற்றி? நிறுத்தாமல் ஓடவிடுங்கள்.

இரண்டாம் சுற்றில் மூன்று வாக்கியங்கள் மட்டும். ஒவ்வொன்றையும் மூன்று முறை போட்டு, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். கணினியில் இடது அம்புக்குறி 5 விநாடி பின்னே போகும். செல்போனில் திரையின் இடப்பக்கத்தை இருமுறை தட்டினால் 10 விநாடி. எழுத்துக்கூட்டல் தெரியாதவர் தமிழ் எழுத்திலேயே எழுதட்டும். காதில் விழுந்தது என்ன என்பது அப்போதுதான் உங்களுக்கு உள்ளபடி தெரியும்.

4. கேப்ஷனைப் போடுங்கள்

கணினியில் ‘சி’ விசை. மாணவர் தாம் எழுதியதையும் திரையில் வந்ததையும் ஒப்பிட்டு, விட்டுப்போன இடத்தில் கோடிடட்டும். வகுப்பு நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்.

நம் மாணவருக்கு இதை விளக்க எளிய வழி இருக்கிறது. தமிழ்த் தேர்வில் ‘பிரித்து எழுதுக’ செய்தவர்கள் அவர்கள். பால், ஆடை என்று நிறுத்தியா சொல்கிறோம்? பாலாடை என்றுதானே! ஆங்கிலத்திலும் ‘பிக் இட் அப்’ பேச்சில் ‘பிக்கிடப்’ ஆகும். ‘டெல் ஹிம்’ என்பதில் ‘ஹ’ உதிர்ந்து ‘டெலிம்’ ஆகும். ‘நெக்ஸ்ட் டே’யில் ஒரு ‘ட்’ மறையும். ‘டிட் யூ’ ‘டிஜூ’ என ஒலிக்கும். தமிழில் இந்த மாற்றங்களில் பலவற்றை எழுத்திலும் காட்டுகிறோம், ஆங்கிலத்தில் எழுத்து அப்படியே நிற்கும். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. கோடிட்ட ஒவ்வொரு இடத்தையும் கரும்பலகையில் ஒரு பக்கம் கேட்டபடியும் மறுபக்கம் பிரித்தும் எழுதுங்கள்.

‘கேன்’, ‘கான்ட்’ இரண்டுக்கும் தனிக் கவனம் தேவை. அமெரிக்கர் பேச்சில் ‘கான்ட்’டின் கடைசி ‘ட்’ பெரும்பாலும் வெளியே கேட்காது. வினைச்சொல்லுக்கு முன் வரும் ‘கேன்’ ‘க்ன்’ என்று ஒடுங்கும், ‘கான்ட்’ அழுத்தத்தோடு முழுசாக வரும். ‘ட்’டைத் தேடும் மாணவர் பொருளை நேர்மாறாக எடுத்துக்கொள்வார். அழுத்தத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

5. மறுபடி அணையுங்கள்

அதே மூன்று வாக்கியங்கள், கேப்ஷன் இல்லாமல். சற்றுமுன் கலங்கலாக ஒலித்தது இப்போது தெளிவாகக் கேட்கும். பின்பு பேச்சாளரோடு சேர்ந்து, அதே இணைப்புகளோடு சொல்லட்டும். வாயில் வந்த ஒலி காதில் எளிதாகப் பிடிபடும்.

வேகத்தைக் குறைக்கலாமா?

0.75 வரை சரி, அதுவும் நான்காம் படியில் மட்டும். 0.5-இல் குரல் இழுபட்டுப் பேச்சின் தாளம் கெடும். எவ்வளவு குறைத்தாலும் ‘பிக்கிடப்’ மூன்று சொல்லாகப் பிரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு நாள் கழித்து அதே மூன்று வாக்கியங்களைக் கேப்ஷன் இல்லாமல் ஒலிக்கவிட்டு எழுதச் சொல்லுங்கள். இரண்டையாவது முழுசாக எழுதினால் அடுத்த வீடியோவுக்குப் போகலாம். இல்லையென்றால் நான்காம் படியை மட்டும் திரும்பச் செய்யுங்கள்.