சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் ஏர்போர்ட் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை பீளமேடு ஏர்போர்ட்டிலிருந்து நேர் விமானம் இல்லாத ஊருக்குக் கிளம்புகிறவர்களில் பலர் சேரன், நீலகிரி, ஏற்காடு என ஏதாவதொரு எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, வெள்ளென சென்னை சென்ட்ரலில் இறங்குகிறார்கள். அங்கிருந்து ஏர்போர்ட்டுக்கு மெட்ரோவில் 40 ரூபாய்தான் கட்டணம், ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். வண்டியில் உட்கார்ந்துவிட்டால் தவறு செய்ய ஒன்றுமில்லை. ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள்.

முதல் தவறு வீட்டிலேயே, டிக்கெட் போடும்போது நடக்கிறது. ரயில் 6 மணிக்கு வருகிறது, விமானம் 9 மணிக்கு, நடுவில் மூணு மணி நேரம் தாராளம் என்று நினைக்கிறார்கள். இரவு ரயில் ஒரு மணி நேரம் தாமதமாவது அதிசயமில்லை. அரக்கோணம் தாண்டியதும் "வந்தாச்சு" என்று பெட்டியை இறக்கி வைக்கிறோம். ஆனால் அங்கிருந்து சென்ட்ரல் இன்னும் 69 கிலோமீட்டர். காலை நேரத்தில் சிக்னலுக்காக வழியில் நிற்பதும் உண்டு. நடைமேடையிலிருந்து மெட்ரோவுக்கு இறங்கி, பெட்டியை ஸ்கேனரில் போட்டு, டிக்கெட் எடுத்து, வண்டிக்குக் காத்திருக்க 25 நிமிடம் வையுங்கள். பயணம் 40. மறுமுனையில் டெர்மினல் வாசல் வரை நடக்க 15. உள்நாட்டு விமானத்துக்கு 2 மணி நேரம் முன்னதாகவும் வெளிநாட்டுக்கு 3 மணி நேரம் முன்னதாகவும் அங்கே நிற்க வேண்டும். ஆகவே ரயிலின் அட்டவணை நேரத்திலிருந்து விமானத்துக்கு உள்நாடு என்றால் 5 மணி நேரம், வெளிநாடு என்றால் 6 மணி நேரம் இடைவெளி இருந்தால்தான் நிம்மதி. மெட்ரோவின் முதல் வண்டியே காலை 5 மணிக்குத்தான். அதற்கு முன்பே வந்து சேரும் ரயிலில் போனால் அந்தக் காத்திருப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூரிலேயே இறங்கிவிடுவது இன்னொரு தவறு. சொந்தக்காரர் வீட்டுக்கு அது சரி. ஏர்போர்ட்டுக்குச் சரிவராது, மெட்ரோ பிடிக்க சென்ட்ரல்தான் தோது.

சென்ட்ரல் மெட்ரோ தரைக்கடியில் இருக்கிறது. நீலம், பச்சை இரண்டு தடமும் அங்கே சந்திக்கின்றன, ஆனால் வெவ்வேறு தளங்களில். உங்களுக்கு வேண்டியது நீலம்: எல்.ஐ.சி., தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை, கிண்டி வழியாக நேரே ஏர்போர்ட். பச்சை எழும்பூர், கோயம்பேடு, வடபழனி என்று சுற்றி ஆலந்தூர் வந்து பரங்கிமலையில் முடிகிறது. "பச்சையில ஏறி ஆலந்தூர்ல மாறிக்கோ" என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பழைய வழி. சென்ட்ரலிலிருந்து அண்ணா சாலைக்கு அடியில் நேர்த்தடம் திறந்தது 2019 பிப்ரவரியில்; அதற்கு முன் போனவர்களுக்குப் பச்சையைத் தவிர வழியில்லை. இப்போது அப்படிப் போனால் நேரமும் வீண், ஆலந்தூரில் பெட்டியோடு தளம் மாறும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

நீலத் தளத்துக்குச் சரியாக வந்தும் எதிர்த்திசை வண்டியில் ஏறிவிடுகிறார்கள். அது மண்ணடி, வண்ணாரப்பேட்டை வழியாக விம்கோ நகருக்குப் போவது. திசை சரியாக இருந்தாலும் போதாது. நெரிசல் நேரத்தில் சில வண்டிகள் ஆலந்தூரோடு நின்று திரும்பிவிடும். நடைமேடைப் பலகையில் "விமான நிலையம்" என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். அவசரத்தில் ஆலந்தூர் வண்டியில் ஏறிவிட்டாலும் குடி முழுகிவிடாது; அதே தடத்தில் அடுத்து வரும் ஏர்போர்ட் வண்டியைப் பிடித்தால் போதும், வெளியே போய் வேறு டிக்கெட் எடுக்காதீர்கள்.

டிக்கெட் விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். க்யூஆர் சீட்டை உள்ளே நுழைந்ததும் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளியேறவும் அதே சீட்டுதான் கதவைத் திறக்கும். பெட்டியை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் வந்தால் கதவு நடுவில் மூடிக்கொள்ளும். ஓரத்தில் இருக்கும் அகலக் கதவைக் கேளுங்கள். கூட்டமாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு சீட்டைக் கையில் வைத்திருப்பது நல்லது.

நங்கநல்லூர் சாலைக்கு அடுத்து மீனம்பாக்கம் வரும். அங்கே ஒவ்வொரு வண்டியிலும் யாராவது ஒருவர் எழுந்து, "ஏனுங்க, ஏர்போர்ட்டு இதுதானுங்களா?" என்று கேட்பார். இல்லை. நம்மூரில் ஏர்போர்ட்டையே மீனம்பாக்கம் என்று சொல்லிப் பழகியதால் வந்த வினை. மீனம்பாக்கம் வேறு நிலையம். உங்களுடையது அடுத்தது, கடைசி நிலையம்.

இறங்கும் முன்பே விமான டிக்கெட்டில் டெர்மினல் எண்ணைப் பார்த்துவிடுங்கள். சென்னையில் 1-ம் 4-ம் உள்நாடு, 2 வெளிநாடு. 4 என்ற எண்ணைப் பார்த்ததும் வெளிநாட்டுப் பக்கம் நடக்கிறவர்கள் நிறைய, ஏனென்றால் பல வருடம் அந்தக் கட்டடம் வெளிநாட்டு டெர்மினலாகத்தான் இருந்தது. எண்ணை உறுதி செய்துகொண்டு, அதற்கான அம்புக்குறியைப் பிடித்து நடங்கள்.

ரயிலே வேண்டாம், பஸ்ஸில் போகிறேன் என்பவர்களுக்கு: ஈரோடு, சேலம் பக்கமிருந்து விழுப்புரம் வழியாக வரும் பஸ், கிளாம்பாக்கத்தில் விட்டுவிடும். அங்கிருந்து கோயம்பேடு போய் மெட்ரோ பிடிப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. ஏர்போர்ட் அதே ஜி.எஸ்.டி. சாலையில், ஊருக்குள் நுழையும் முன்பே இருக்கிறது. மாநகரப் பேருந்தில் நேரே போய்விடலாம். தாம்பரத்தில் நிற்கும் எழும்பூர் ரயிலில் வருகிறவர்கள் அங்கேயே இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் வரலாம். திரிசூலம் ஏர்போர்ட்டுக்கு எதிர்ப்புறம்; சாலையைக் குறுக்கே கடக்காமல் சுரங்கப்பாதையில் போங்கள். பெரிய பெட்டி இரண்டு இருந்தால் அலுவலக நேர மின்சார ரயிலை நினைக்கவே வேண்டாம்.

பையில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். காங்கேயத்துக் கொப்பரையை உறவுக்காரருக்குக் கொண்டுபோகும் வழக்கம் இங்கே உண்டு. எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்பதால் விமானத்தில், செக்-இன் பெட்டியிலும்கூட, அனுமதியில்லை. மெட்ரோவைத் தாண்டி ஏர்போர்ட் வரை சுமந்துபோய் அங்கே விட்டுவிட்டு வருவதற்கு, வீட்டிலேயே வைத்துவிடலாம்.

திரும்பும்போது ஏர்போர்ட் மெட்ரோவில் "சென்ட்ரல்" என்று போட்ட வண்டியைத் தேடாதீர்கள். "விம்கோ நகர்" என்று போட்டிருப்பதே உங்கள் வண்டி; சென்ட்ரல் நடுவில் வரும். நீலகிரி இரவு 9 மணியளவிலும் சேரன் 10 மணியளவிலும் கிளம்பிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்தால் குடியேற்றச் சோதனைக்கும் பெட்டி வருவதற்குமே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடலாம். மாலை 6 மணிக்கு மேல் தரையிறங்கும் விமானம் என்றால் நீலகிரிக்குப் பதில் சேரனில் போடுங்கள். 7 மணியைத் தாண்டினால் அதுவும் சந்தேகம்தான். மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் நின்றுவிடும் என்பதால் அதற்குப் பிறகு இறங்குகிறவர்களுக்குக் காலை 5 மணி வரை டாக்சிதான்.