பாலிக்குத் தூரிகையோடு குடிபோகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலிக்குக் குடிபோகிற ஓவியர்கள் பலரும், அங்கே ஓவியர்கள் கூடும் ஊரான உபுத் பக்கம் வீடு பார்க்கும்போது முதலில் கேட்பது, வடக்குப் பக்கம் ஜன்னல் இருக்கிறதா என்று. கலைக்கல்லூரியில் படித்த பாடம் அது. வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது, நாள் முழுக்கச் சீரான வெளிச்சம் கிடைக்கும். பாரிஸில் சரி. சென்னையில்கூடக் கோடை மாதங்களைத் தள்ளிவிட்டால் ஓரளவு சரி. பாலி இருப்பதோ பூமத்திய ரேகைக்குத் தெற்கே, எட்டு டிகிரியைத் தாண்டி. அங்கே பிப்ரவரிக் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். இறவாரம் குட்டையாக இருந்தால் வருஷத்தில் ஏழெட்டு மாதம் கேன்வாஸ் மேலேயே வெயில் விழும். அங்கே தேட வேண்டியது தெற்கு ஜன்னல், அதுவும் கூரை நன்றாக வெளியே நீண்ட வீடாக.

பகல் நேரமும் அப்படித்தான். வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குட்டைப் பகலுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். கோடையில் ராத்திரி ஒன்பது மணி வரை தீட்டிப் பழகிய ஐரோப்பியர்கள் சாயங்காலம் ஆறரைக்கே இருட்டிவிடுவதைப் பார்த்துத் திருதிருவென விழிப்பார்கள். அந்தி என்பது அங்கே சட்டென்று முடிந்துபோகிற சமாசாரம்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பாலியில் ஓவியர்கள் படும் பாட்டில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். வேறு ஊரில் சரியாக இருந்த பழக்கத்தை அப்படியே பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர் வடக்கு ஜன்னலைக் கொண்டுவருகிறார். நம்மவர் கொண்டுவருவது வேறொன்று. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

ஈரத்தை லேசாக எடுத்துக்கொள்வது

பள்ளத்தாக்கு ஓரமாக, கீழே ஆறு ஓட, எதிரே தென்னையும் வயலுமாக ஒரு வீடு. படத்தில் பார்த்ததும் முன்பணம் அனுப்பிவிடுகிறார்கள். தீவிலேயே ஈரம் தேங்குகிற இடம் அதுதான். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். மற்ற மாதங்களிலும் அப்படியொன்றும் காற்று காய்ந்துவிடாது. மேட்டில், காற்றோட்டமாக, காட்சி எதுவும் இல்லாத வீடு கிடைத்தால் அதை எடுங்கள். காட்சி வேண்டுமென்றால் பள்ளத்தாக்கு ஓரத்தில் காபிக் கடைகள் நிறைய இருக்கின்றன.

ஈரம் கெடுப்பது கண்ணுக்கு உடனே தெரியாது. நல்ல விலை கொடுத்து வாங்கிய வாட்டர்கலர் தாளை எடுத்துக்கொள்வோம். தண்ணீரை உடனே உறிஞ்சாமல் இருக்க அதில் ஜெலட்டின் ஏற்றியிருப்பார்கள். மாதக்கணக்கில் ஈரக்காற்றில் கிடந்தால் அந்த ஜெலட்டின் அங்கங்கே கெட்டுப்போகும். தாள் பார்க்க வெள்ளை வெளேரென்று புதுசாகவே இருக்கும். வானத்துக்கு ஒரு வாஷ் விட்ட பிறகுதான் வண்டவாளம் தெரியும்: சில இடங்களில் மை ஒற்றும் தாள் மாதிரி நிறத்தைக் குடித்து, திட்டுத் திட்டாகக் கருத்து நிற்கும். அதற்கு மருந்து கிடையாது. தாளை மொத்தமாக வாங்கிக் குவிக்காமல், தேவைக்கு வாங்கி, காற்றுப் புகாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வைப்பதுதான் வழி. அந்த சிலிக்கா ஜெல்லையும் அவ்வப்போது சூடுகாட்டி உலர்த்த வேண்டும். ஒருமுறை போட்டுவிட்டு மறந்துபோனால் அது சும்மா கிடக்கும் மணிதான்.

அக்ரிலிக்காரர்கள் தங்களுக்குக் கவலை இல்லை என்று நினைப்பார்கள். அக்ரிலிக் காய்ந்த பிறகும் வெப்பத்தில் இளகும். இரண்டு கேன்வாஸை முகத்தோடு முகம் வைத்து அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது ஒன்றின் நிறம் மற்றொன்றில் வரும். பபிள் ராப்பின் குமிழ்ப் பக்கம் ஓவியத்தில் பட்டால் வட்ட வட்டமாகத் தடம் விழும். இடையில் சிலிக்கான் பூசிய தாள் வைக்க வேண்டும். பெரிய செலவில்லை.

சுவரில் சாய்த்து வைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். கேன்வாஸின் பின்புறம் பூசணம் பிடித்து, முன்பக்கம் தெரிவதற்குள் காரியம் கெட்டிருக்கும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் அலமாரி, சுவருக்கும் அதற்கும் ஒரு கை நுழையும் இடைவெளி, சட்டத்துக்குக் கறையான் மருந்து ஏற்றிய மரம். இவை மூன்றும் ஈசல் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியவை. தாளில் வரைந்ததைச் சட்டம் போடும்போது கண்ணாடி ஓவியத்தைத் தொடக் கூடாது. தொட்டால் நடுவே ஈரம் கோத்து, பூசணமும் பிடிக்கும், கண்ணாடியோடு ஒட்டவும் செய்யும்.

ஏசி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். பகல் முழுக்க அறையைக் குளிர வைத்துவிட்டு, சாயங்காலம் அணைத்து ஜன்னலைத் திறந்தால், வெளியே இருக்கிற ஈரக்காற்று குளிர்ந்த பரப்பிலெல்லாம் நீராகப் படியும். ஓடினால் ஒரே மாதிரி ஓட வேண்டும். இல்லையென்றால் மின்விசிறியும் திறந்த ஜன்னலும் எவ்வளவோ மேல். மூடிய ஏசி அறையில் டர்பன்டைன் வைத்து வேலை செய்வது உடம்புக்கும் கேடு.

கடலோரம் இதைவிட மோசம். 1932ல் பாலிக்கு வந்த பெல்ஜிய ஓவியர் லெ மாயர் சானூர் கடற்கரையிலேயே வீடு கட்டி, லெகோங் நடனமாடிய நி போலோக்கை மணந்து அங்கேயே வாழ்ந்தார். ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அவர் பனை வகை நாரில் நெய்த சாக்கில் தீட்டிய ஓவியங்கள் உண்டு. அந்த வீடு இப்போது மியூசியம். உப்புக்காற்று ஓவியங்களை என்ன செய்யும் என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, அப்புறம் கடலோர வீட்டுக்கு முன்பணம் கொடுக்கலாம்.

நம்ம சாமிதானே என்று நினைப்பது

நம்மவர் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது இது. இந்து ஊர், கோயிலும் பூவும் ஊதுபத்தியுமாக இருக்கிறது, நமக்குத் தெரியாததா என்ற தெம்பு. வெள்ளைக்காரர் தெரியாது என்பதால் கேட்டுக் கேட்டு நடப்பார். நம்மவர் தெரியும் என்று விறுவிறுவென உள்ளே போவார்.

பாலிக் கோயிலில் போய் மூலவரைத் தேடினால் கிடைக்காது. பத்மாசனம் என்கிற உயர்ந்த கல் இருக்கை காலியாக நிற்கும். சாமி வந்து அமர்வதற்கான இடம் அது. வேட்டி கட்டிப் போனால் மட்டும் போதாது, இடுப்பில் கச்சையும் சுற்ற வேண்டும். கலுங்கான் பண்டிகைக்கு முந்தின நாள் வீட்டுக்கு வீடு பன்றி அடிப்பார்கள். இறைச்சி படையலிலும் இருக்கும். சைவக்காரர்கள் முகம் சுளித்துப் பயனில்லை. சும்மா காய்கறி என்று வருவதிலும் இறால் விழுது கலந்த சம்பல் இருக்கலாம், கேட்டுச் சாப்பிடுங்கள். கோயிலில் உட்கார்ந்து வரைய யாரும் தடை சொல்வதில்லை. ஆனால் பூசாரியைவிட உயரமான இடத்தில் ஏறி உட்காரக் கூடாது, கும்பிடுகிறவர்களுக்கு முன்னால் நிற்கக் கூடாது.

ஒத்துப்போகிற இடங்களும் இருக்கின்றன. அதனால்தான் இந்தத் தெம்பே வருகிறது. சரஸ்வதி நாளன்று புத்தகங்களை அடுக்கிப் படையல் வைப்பார்கள், அன்றைக்குப் படிக்கவோ எழுதவோ மாட்டார்கள். சரியாகப் பதினான்கு நாள் கழித்து தும்பெக் லண்டெப் வரும். அது நம் ஆயுத பூஜை என்றே சொல்லலாம். கத்தி, உளியில் தொடங்கியது இன்று பைக், கார் வரை வந்துவிட்டது. நமக்கு வருஷத்துக்கு ஒருமுறை, அங்கே 210 நாளுக்கு ஒருமுறை. அன்று காலையில் எங்கள் வீட்டுக்கார அம்மா வண்ணக் குழாய்களுக்கு நடுவே, பேலட் கத்தியை ஒட்டி, தென்னங்குருத்தில் செய்த சின்னத் தட்டை வைத்துவிட்டுப் போவார். பூ, ஒரு துணுக்கு சோறு, மேலே புகையும் ஊதுபத்தி. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று அதை உடனே தள்ளி வைப்பது தப்பு. ஊதுபத்தி எரிந்து முடிகிற வரை பொறுங்கள். வாசலில் தினமும் வைக்கிற சனாங் என்ற படையல் தட்டையும் மிதிக்காமல் நடக்கப் பழகுங்கள். நாய் வந்து சோற்றைத் தின்றால் பரவாயில்லை, யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இந்த 210 நாள் கணக்கு தெரியாமல் கண்காட்சிக்குத் தேதி குறிப்பதும் வழக்கமான தவறு. கலுங்கானும் அதன் பத்தாம் நாள் வரும் குனிங்கானும் நம் காலண்டரில் வருஷா வருஷம் இடம் மாறும். அந்த நாட்களில் சட்டம் போடுகிறவர் இருக்க மாட்டார், வேன் ஓட்டுகிறவர் இருக்க மாட்டார், எல்லோரும் சொந்த ஊர்க் கோயிலில். இது போக ஒவ்வொரு கோயிலுக்கும் தனித்தனியாகத் திருவிழா. ஊர்வலம் வந்தால் சாலை நின்றுவிடும். சுவரில் ஒரு பாலிக் காலண்டர் மாட்டுங்கள், கடையில் கிடைக்கும்.

நியேபி தனி. சக வருஷப் பிறப்பான அன்று காலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஆறு மணி வரை தீவே அடங்கிவிடும். வெளியே போகக் கூடாது, விளக்கு வெளியே தெரியக் கூடாது, விமான நிலையமும் மூடியிருக்கும். 2018 முதல் மொபைல் இணையத்தையும் நிறுத்துகிறார்கள். பெச்சலாங் எனப்படும் ஊர்க் காவலர்கள் சுற்றி வருவார்கள். ஓவியத்தை அன்றைக்குள் அனுப்பியாக வேண்டும் என்று யாரிடமும் கெஞ்ச முடியாது. முந்தின நாளே கறிகாய் வாங்கி வைத்துவிட்டு உட்காருங்கள். எனக்கு வருஷத்திலேயே பிடித்த நாள் அது.

வீட்டைச் சத்திரமாக்குவது

பாலியில் இருக்கிறேன் என்று சொன்னால் போதும், தூரத்துச் சொந்தமெல்லாம் பக்கத்துச் சொந்தமாகிவிடும். விமான நிலையத்துக்கு ஓடுவது, கோயில் சுற்றிக் காட்டுவது என்று வாரம் போய்விடும்.

இதில் முன்னோடி வால்ட்டர் ஸ்பீஸ். மாஸ்கோவில் பிறந்த ஜெர்மானியர். 1923ல் ஜாவாவுக்கு வந்து, 1927ல் உபுத் அரச குடும்பத்தின் ஆதரவில் பாலியில் குடியேறினார். சம்புஹானில் இரண்டு ஆறுகள் கூடுகிற இடத்தில் வீடு கட்டினார். சார்லி சாப்ளின் வந்தார், ஆங்கில நாடகாசிரியர் நோயல் கவர்ட் வந்தார், இன்னும் யார் யாரோ வந்தார்கள். ஸ்பீஸ் பியானோ வாசிப்பார், நடனங்களுக்கு ஏற்பாடு செய்வார், பூச்சிகளை ஆராய்வார். ஓவியம்தான் ஏதோ எப்போதாவது. கடைசியில் 1937ல் விருந்தாளிகள் தொல்லை தாங்காமல் அகுங் மலையடிவாரத்தில் இசே என்ற கிராமத்தில் இன்னொரு வீடு போட்டுக்கொண்டு ஒதுங்கினார். இன்று சம்புஹான் வீடிருந்த இடத்தில் ஓட்டல் நடக்கிறது.

நீங்கள் மலையடிவாரம் தேட வேண்டாம். கூடுதல் படுக்கையறை இல்லாத வீடாகப் பாருங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

சொல்லிக்கொடுக்கக் கிளம்புவது

வந்த புதிதில் உள்ளூர்ப் பையன்களுக்கு ஓவியம் கற்றுத்தர வேண்டும் என்ற ஆசை பலருக்கு வரும். வந்திருக்கிற ஊர் எப்படிப்பட்டது என்று முதலில் பாருங்கள். பத்துவான் கிராமத்து ஓவியர் ஒருவர் கறுப்பு மையை நீர்க்க நீர்க்க அடுக்கி, இருளிலிருந்து உருவத்தை எழுப்பிவிட்டுக் கடைசியில்தான் நிறத்துக்கு வருவார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் நமக்குத்தான் பாடம்.

1936ல் ஸ்பீஸும் டச்சு ஓவியர் ருடால்ஃப் பொன்னெட்டும் உபுத் அரச குடும்பத்தாரோடும் பாலி ஓவியர் லெம்பாடோடும் சேர்ந்து பிதா மகா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். தரம் பார்த்து ஓவியங்களைத் தேர்ந்தெடுத்து வெளியூர்களில் விற்க உதவினார்கள். நன்மை நிறைய நடந்தது. அதே சமயம், எது நல்ல பாலி ஓவியம் என்று முடிவு செய்ததில் அந்த இருவரின் ரசனைக்கும் பெரிய பங்கு இருந்தது என்ற விமர்சனம் இன்றுவரை உண்டு. டச்சுக்காரராகப் பிறந்த ஓவியர் ஆரி ஸ்மிட் வேறு மாதிரி. 1960 வாக்கில் பெனெஸ்தானான் கிராமத்துச் சிறுவர்களுக்கு வண்ணமும் துணியும் கொடுத்தார். என்ன வரைய வேண்டும் என்று அதிகம் சொல்லவில்லை. பச்சை வானமும் ஊதா மரமுமாக அவர்கள் வரைந்து தள்ளினார்கள். எனக்கு அவர் வழிதான் பிடித்தது.

பாலிச் சடங்கு நடனங்களில் வரும் காவல் மிருகமான பாரோங், சூனியக்காரி ரங்டா ஆகியோரின் முகமூடிகளை அலங்காரப் பொருளாக எடுத்து ஓவியத்தில் விளையாடுவதற்கு முன்னாலும் ஊரில் யாரையாவது கேளுங்கள். சடங்கு முகமூடிக்கு மரம் கடையில் வாங்குவதில்லை. புலே மரத்திடம், அதாவது நம் ஏழிலைப்பாலையிடம், பூஜை செய்து அனுமதி கேட்டு வெட்டி எடுப்பார்கள்.

காகிதங்கள்

விசா விஷயத்தில் ஏமாற்றப் பார்க்காதீர்கள். இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் கிடைக்கும் 30 நாள் விசாவை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். அதில் வந்து ஓவியம் விற்கவோ வகுப்பு நடத்தவோ கூடாது. காசு வாங்கவில்லை, சும்மா ஒரு பயிலரங்கம்தான் என்பதும் எடுபடாது. நாள் தாண்டித் தங்கினால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் ருப்பியா அபராதம். 60 நாளைத் தாண்டினால் நாடு கடத்தல்தான். தங்கி வேலை செய்வதென்றால் அதற்குரிய விசாவும் தங்கும் அனுமதியும் வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

நிலம் வாங்கவே வாங்காதீர்கள். 1960ன் நிலச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு முழு உரிமை கிடையாது. உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கி, ரகசியமாக ஒரு பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்ல ஆள் வருவார்கள். வழக்கு என்று வந்தால் அந்தப் பத்திரம் நிற்காது. குத்தகை போதும். சில வருஷ வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கேட்பது அங்கே வழக்கம். முதல் தடவை ஒரு வருஷத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரு மழைக்காலம் அந்த வீட்டில் இருந்து பார்த்துவிட்டு மிச்சத்தைப் பேசலாம். குடிபோனதும் ஊர்ச் சபையான பஞ்சாரின் தலைவரைப் போய்ப் பாருங்கள். மாதச் சந்தா கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.

ஊருக்கு ஓவியம் அனுப்பும்போது கேன்வாஸை அகலமான குழாயில், தீட்டிய பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நெருக்குண்டு மடிப்பு விழும். நன்றாக உலர்ந்த வெயில் நாளாகப் பார்த்துக் கட்டுங்கள். மழை நாளில் மூடினால் அன்றைய ஈரமும் குழாய்க்குள்ளேயே பயணம் செய்யும்.