புற்றுநோய்ச் சிகிச்சைக் காலத்தில் உடலியக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கிய வீட்டில் அதிகம் கேட்கும் சொல், "நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், படுத்துக்கொள்ளுங்கள்" என்பதாகவே இருக்கும். அன்பினால் வரும் சொல் அது. தண்ணீர்க் குவளை கட்டிலுக்கே வந்து சேரும். கதவைத் திறக்க வேறொருவர் ஓடுவார். நோயாளி செருப்பைத் தேடிக் குனிவதற்குள் யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சில வாரங்களில் அதே மனிதர் நாற்காலியிலிருந்து எழுவதற்கு இரண்டு கைகளையும் கைப்பிடிகளில் ஊன்றி, உடலை முன்னே சாய்த்து, ஒருமுறை முயன்று, மறுபடி அமர்ந்து, இரண்டாம் முறைதான் எழுகிறார். வீட்டார் அதை முழுவதும் நோயின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அந்தத் தளர்ச்சியில் ஒரு பங்கு நோயினுடையது, ஒரு பங்கு மருந்தினுடையது. மீதி, அசையாமல் இருந்ததால் வந்தது. முதல் இரண்டையும் சிகிச்சைக் குழு கவனிக்கும். மூன்றாவதைக் குறைப்பது பெரும்பாலும் நோயாளியின் கையிலும் வீட்டாரின் கையிலும் இருக்கிறது. அதில் வழக்கமாக நேரும் தவறுகளைப் பற்றியே இக்கட்டுரை.

சோர்வு தீரும்வரை படுத்திருப்பது

வேலை செய்து களைத்தவருக்குத் தூக்கம் மருந்து. ஆனால் புற்றுநோயோடும் அதன் சிகிச்சையோடும் வரும் சோர்வு வேறு வகையைச் சேர்ந்தது. பத்து மணி நேரம் தூங்கி எழுந்த பிறகும் அது அப்படியே இருக்கும். இதை அறியாதவர்கள், இன்னும் ஓய்வு போதவில்லை என்று எண்ணி மேலும் படுக்கிறார்கள். படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் இதயமும் தசைகளும் தங்கள் திறனில் சிறிது இழக்கின்றன. திறன் குறையக் குறைய, குளிப்பது, படியேறுவது போன்ற எளிய வேலைகள்கூட மிச்சமிருக்கும் திறனில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன. அதனால் சோர்வு மேலும் கூடுகிறது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலத்துடன் இருந்த முதியவர்கள் 10 நாட்கள் முழுமையாகப் படுக்கையில் இருந்தபோது, அவர்களுடைய கால்களில் மட்டும் கொழுப்பு நீங்கலான எடை ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்தது. அவர்களுக்கு நோயும் இல்லை, கீமோதெரபியும் இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சிகிச்சையின்போது அசையாதிருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் மருத்துவத்திலும் நெடுங்காலம் இருந்தது. 1980-களில் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்த மார்பகப் புற்றுநோயாளிகளை நிலைமிதிவண்டியில் பயிற்சி செய்ய வைத்த ஆய்வுகள்தாம் அதை முதலில் அசைத்தன. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2010-இல் கூட்டிய நிபுணர் குழு, செயலற்றிருப்பதைத் தவிர்க்குமாறு வெளிப்படையாகவே சொன்னது. அதே அமைப்பு 2019-இல் வெளியிட்ட பரிந்துரை இன்னும் தெளிவானது: வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 30 நிமிடம், மிதமான வேகத்தில் நடை போன்ற பயிற்சி, அதோடு வாரத்துக்கு இரண்டு நாள் தசைவலுப் பயிற்சி. இந்த அளவு, சோர்வு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றைக் குறைத்து, அன்றாட வேலைகளைச் செய்யும் திறனைக் கூட்டுகிறது என்பதற்கு வலுவான சான்று இருப்பதாக அக்குழு முடிவு செய்தது. குணப்படுத்தும் நோக்கிலான சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே இவ்விரு வகைப் பயிற்சிகளையும் பரிந்துரைக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கமும் 2022-இல் மருத்துவர்களுக்கு வழிகாட்டியது.

தெம்பான நாளில் எல்லாவற்றையும் செய்துவிடுவது

மேலே சொன்ன 30 நிமிடத்தைப் படித்ததும் மறுநாளே அதை எட்ட முயல்வது அடுத்த தவறு. அதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு; பலரும் அதைக் கவனிப்பதில்லை. கீமோ மருந்து ஏற்றும் நாளில், வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்க ஸ்டீராய்டு மருந்தும் தருவது வழக்கம். அதன் விளைவாக அன்றும் மறுநாளும் சிலருக்கு வியப்பூட்டும் தெம்பு இருக்கும், தூக்கம்கூட வராது. "இந்த முறை மருந்து எனக்கு ஒன்றுமே செய்யவில்லை" என்று அலமாரியை ஒழுங்குபடுத்துவார்கள், நெடுந்தூரம் நடப்பார்கள். மூன்றாம் நாள் ஸ்டீராய்டின் தாக்கம் இறங்கியதும், கீமோவின் சோர்வும் அந்த மிகை உழைப்பின் களைப்பும் ஒன்றாகச் சேர்ந்து படுக்கையில் தள்ளிவிடும். பிறகு, "நடந்ததால்தான் இப்படி ஆயிற்று" என்று நடையையே விட்டுவிடுகிறார்கள். இதுதான் உண்மையான இழப்பு.

ஆகவே கிழமையைப் பார்த்துத் திட்டமிடாமல், சிகிச்சைச் சுற்றை, அதாவது ஒருமுறை மருந்தேற்றியதிலிருந்து அடுத்த முறை ஏற்றும்வரையிலான நாட்களை, பார்த்துத் திட்டமிட வேண்டும். ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். "மருந்தேற்றிய 2-ஆம் நாள்: 15 நிமிட நடை, எளிது. 4-ஆம் நாள்: வீட்டுக்குள் 5 நிமிடம், இரண்டு முறை, கால் கனத்தது. 9-ஆம் நாள்: 12 நிமிடம், பேசிக்கொண்டே நடக்க முடிந்தது." இப்படி இரண்டு சுற்றுகளுக்கு எழுதினால், எந்த நாளில் உடல் தளர்கிறது, எப்போது மீள்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும், அடுத்த சுற்றில் நான்காம் நாளின் தளர்ச்சி அச்சுறுத்தாது, ஏனெனில் அது வரும் என்றும் போகும் என்றும் தெரிந்திருக்கும். தளர்ந்த நாளில் ஐந்து நிமிடம் நடந்தவர் தோற்றவர் அல்லர். அன்றைக்குரிய அளவை அவர் செய்து முடித்துவிட்டார். மறுநாள் காலையிலும் களைப்பு விலகவில்லை என்றால் முந்தைய நாளின் அளவு மிகை என்று பொருள், அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.

வேகத்தை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அது மிதமான வேகம். முழு வாக்கியம் பேசுவதற்குள் மூச்சு அறுபட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். முப்பது நிமிடம் தொடர்ந்து இயலாதவர்கள் அதைப் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்துக்கொள்வதில் குறையொன்றும் இல்லை.

நடை மட்டும் போதும் என்று இருப்பது

நடை நல்லது. ஆனால் சிகிச்சைக் காலத்தில் விரைவாகக் கரைவது தசை. ஸ்டீராய்டு மருந்துகள் நாட்கணக்கில் தொடர்ந்தால் தொடைத் தசைகளும் இடுப்பைச் சுற்றிய தசைகளும் வலுவிழக்கின்றன. புரோஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் ஹார்மோன் குறைப்புச் சிகிச்சை தசையையும் எலும்பின் அடர்த்தியையும் சேர்த்தே குறைக்கிறது. இவற்றை நடையால் மட்டும் ஈடுகட்ட முடியாது.

எளிய தொடக்கம், நாற்காலியில் அமர்ந்து எழுவது. உறுதியான, உருளாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, பாதங்களைத் தரையில் நன்றாகப் பதித்து, இயன்றால் கைகளை ஊன்றாமல் மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக அமர வேண்டும். அமரும்போது உடலைத் தொப்பென்று விடாமல் தாங்கி இறக்குவதில்தான் தொடைக்கு முழுப் பயிற்சி கிடைக்கிறது. ஐந்து முறை செய்து, ஓய்வெடுத்து, மீண்டும் ஐந்து முறை. சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுவது, மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, நீளும் பட்டையை இழுப்பது என்று பின்னர் கூட்டிக்கொள்ளலாம்.

மார்பக அறுவையில் அக்குளின் நிணநீர்க் கணுக்களை அகற்றியவர்களிடம் ஓர் அச்சம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது: அந்தக் கையால் எதையும் தூக்கினால் கை வீங்கிவிடும் என்பது. பலர் ஆண்டுக்கணக்கில் அந்தக் கையைப் பொத்தி வைத்து, தோள் இறுகி, தலைவாரக்கூட முடியாத நிலைக்கு வந்துவிடுகிறார்கள். 2009-இல் வெளியான ஆய்வு இந்த அச்சத்துக்கு நேரடியாக விடை தந்தது. ஏற்கெனவே நிணநீர் வீக்கம் இருந்த 141 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாரம் இருமுறை, படிப்படியாகக் கூட்டும் பளுப் பயிற்சி தரப்பட்டது. பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் கூடுதலாக வரவில்லை. வீக்கம் திடீரென மோசமாகும் நிகழ்வுகள் அவர்களிடம் குறைவாகவே இருந்தன. ஆனால் அவர்கள் பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில், மிகக் குறைந்த பளுவில் தொடங்கி, கைக்கு அழுத்தம் தரும் உறை அணிந்து, சிறிது சிறிதாகக் கூட்டியவர்கள் என்பதை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அறுவைக் காயம் ஆறும் காலத்தில் கையை எவ்வளவு உயர்த்தலாம் என்பதை அறுவை மருத்துவரோ இயன்முறை மருத்துவரோதான் சொல்ல வேண்டும்.

இரத்தப் பரிசோதனைத் தாளைப் பாராமல் பயிற்சி செய்வது

நோயாளி தன் கோப்பில் வைத்திருக்கும் அந்தத் தாள், பயிற்சிக்கும் ஒரு வழிகாட்டி. இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் வழக்கமாக ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கும். அவை 50,000-க்குக் கீழ் இறங்கினால், பளு தூக்குவது, குதிப்பது, விழ வாய்ப்புள்ள எதுவும் வேண்டாம். 20,000-க்குக் கீழ் என்றால் சிகிச்சைக் குழுவைக் கேட்காமல் எந்தப் பயிற்சியும் கூடாது. ஹீமோகுளோபின் மிகவும் குறைந்திருந்தால், சில படிகளிலேயே மூச்சு வாங்கும், தலை சுற்றும். அதை மன உறுதியால் கடக்க முயல்வது ஆபத்து. பல கீமோ முறைகளில் மருந்தேற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளையணுக்கள் மிகவும் தாழ்ந்திருக்கும். அந்நாட்களில் நெரிசலான உடற்பயிற்சிக் கூடமும் நீச்சல் குளமும் வேண்டாம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால், பயிற்சியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. இரவானாலும் உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும்.

பாக்ளிடாக்சல், வின்கிரிஸ்டின், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் பாத நரம்புகளைப் பாதிக்கும். தரை பஞ்சுபோல் இருக்கிறது என்று நோயாளி சொன்னால், அவர் வெறுங்காலுடனோ வழுக்கும் செருப்புடனோ நடக்கக் கூடாது; பிடிப்புள்ள மூடிய காலணி அணிந்து, நல்ல வெளிச்சத்தில், பிடித்துக்கொள்ள ஏதாவது அருகில் இருக்கும் இடத்தில் பயிற்சி செய்ய வேண்டும். பாதத்தில் புண் இருக்கிறதா என்று நாள்தோறும் கண்ணால் பார்க்க வேண்டும், ஏனெனில் வலி அதைச் சொல்லாமல் போகலாம். கதிர்வீச்சு பட்ட தோலில் உரசும் ஆடையும் குளோரின் கலந்த நீரும் ஆகா. கையில் மருந்தேற்றும் குழாய் பொருத்தியிருப்பவர்கள் அதை நீரில் நனைக்கக் கூடாது.

எலும்புக்கு நோய் பரவியவர்கள் பொதுவான பயிற்சிக் காணொளிகளைப் பார்த்துச் செய்வது, இந்தத் தவறுகளிலேயே மிகவும் கடுமையானது. முதுகை முறுக்குவதும், ஆழக் குனிவதும், குதிப்பதும் வலுவிழந்த எலும்பை முறித்துவிடலாம். அவர்களுக்கும் பயிற்சி உண்டு. ஆனால் எந்த எலும்பில், எவ்வளவு பாதிப்பு என்பதை ஸ்கேனில் பார்த்தவர் வகுத்துத் தர வேண்டும். புதிதாகத் தோன்றிய கடும் முதுகுவலியோடு கால் தளர்வதும், சிறுநீர் கட்டுக்கு அடங்காமல் போவதும் தண்டுவடம் அழுந்துவதன் அறிகுறிகளாக இருக்கலாம். மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. நெஞ்சுவலி, இதயப் படபடப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், ஓய்விலும் தீராத மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கும் இதே அவசரம் பொருந்தும்.

உணவைக் குறைத்துக்கொண்டு உடலை இயக்குவது

சிகிச்சையின்போது எடை குறைவதைச் சிலர் நன்மையாகக் கூட எண்ணுகிறார்கள். குறைவது பெரும்பாலும் தசை என்றால் அது நன்மை அன்று. ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கம், புற்றுநோயாளிகளுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கு மேல், இயன்றால் 1.5 கிராம்வரை புரதம் பரிந்துரைக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 முதல் 90 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். தசைவலுப் பயிற்சியும் புரதமும் சேர்ந்தால்தான் தசை நிற்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டால் பயன் பாதிதான். தெம்பு தரும் என்று சொல்லி விற்கப்படும் மூலிகைப் பொடிகளையும், அதிக அளவு வைட்டமின் மாத்திரைகளையும் கேளாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவற்றுள் சில, கீமோ மருந்தை ஈரல் கையாளும் வேகத்தையே மாற்றிவிடக்கூடும்.

பயிற்சியைச் சிகிச்சைக்கு மாற்றாக எண்ணுவது

2025-இல் வெளியான ஓர் ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரில் ஒரு பிரிவினருக்கு மூன்றாண்டுகள் வழிகாட்டுதலோடு கூடிய பயிற்சித் திட்டமும், மற்றவர்களுக்குப் பயிற்சி பற்றிய கையேடும் தரப்பட்டன. ஐந்தாண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் முதல் பிரிவில் ஏறத்தாழ 80 விழுக்காடு, மற்றதில் 74. இது பெரிய செய்திதான். ஆயினும் அவர்கள் எல்லோரும் அறுவையையும் கீமோவையும் முடித்த பிறகே இதில் சேர்ந்தார்கள். பயிற்சி எதற்கும் மாற்றாக வைக்கப்படவில்லை. பயிற்சிப் பிரிவில் தசை, மூட்டு தொடர்பான தொல்லைகள் சற்றுக் கூடுதலாக இருந்ததையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை. இத்தகைய செய்தியை நோயாளியிடம் காட்டி, "நீங்கள் நடந்திருந்தால்" என்று தொடங்கும் உறவினர்கள் உண்டு. நோய் திரும்பியவரிடமோ, நடக்க இயலாதவரிடமோ அந்தச் சொல்லைச் சொல்லவே கூடாது. அது உண்மையும் அன்று, இரக்கமும் அன்று.

வீட்டார் செய்யக்கூடியது வேறு. தண்ணீர்க் குவளையைக் கட்டிலுக்குக் கொண்டுபோவதற்கு முன், "எழுந்து வர முடியுமா, இல்லை நான் கொண்டு வரட்டுமா?" என்று கேட்கலாம். முடியும் என்றால், கூடவே நடந்து வரலாம். முடியாது என்றால், ஒரு வார்த்தையும் சொல்லாமல் கொண்டுபோய்க் கொடுக்கலாம், நாளைக்கு மறுபடியும் கேட்கலாம்.